சிவப்புப் பொட்டு வைத்த காயில்

இல்லை, உன் அப்பா இல்லை. மணி மாமாவின் ஜீப்பில் அந்தக் காயிலை மாட்டியது நான்.

நேற்று போனில் நீ இதைக் கேட்கவில்லை. நீ கேட்டது வேறு. மாமா போன பிறகு உன்னிடம் வந்த அந்த ஜீப் இருபது நிமிஷம் ஓடினால் நின்றுவிடுகிறது, தீப்பொறி தரும் காயிலில் சூட்டில் கை வைக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டாய். கேட்டுவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாய். "அப்பாகிட்ட சொல்லாத மா. ஏற்கெனவே ஒரு தடவை அந்த ஜீப்ப அவரு சாவடிச்சிட்டாரு. போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் "சரிடா" என்றேன். பத்து வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் சரி அது. அப்பா கவனமில்லாமல் செய்துவிட்டார் என்று நீ சொல்லும்போது சரி. பெட்ரோல் வண்டி அவருக்கு வராது என்று, நீ கட்டிக்கொள்ளப்போகும் நிவேதாவின் வீட்டாரிடம் நீ விளையாட்டாகச் சொன்னபோதும் சரி. இதைப் போனில் சொல்ல முயன்றால் பாதியில் "மீட்டிங் மா" என்பாய். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில். நிவேதாவுக்கும் படித்துக் காட்டு. மணி மாமாவின் மகனுக்கும் காட்டு. யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ வாங்கிப் போட்டிருப்பது ஒன்றரை ஓம் காயில். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, வெளி ரெசிஸ்டருடன் மட்டும் பயன்படுத்தவும் என்று. நீ அதைப் படிக்கவில்லை. பழைய காயிலுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கல் இருந்தது. "அது கரண்ட்டத் தடுக்குது மா, பழைய காலத்து ஐட்டம், கழட்டிட்டேன்" என்றாய். அதுதான் பேலஸ்ட் ரெசிஸ்டர். தடுப்பதுதான் அதற்கு வேலை. காயில் ஒன்றரை, கல் ஒன்றரை, இரண்டும் சேர்ந்து மூன்று ஓம். பன்னிரண்டு வோல்ட் அந்த மூன்றில் நாலு ஆம்பியராக ஓடும். கல்லை எடுத்துவிட்டால் எட்டு. எட்டு ஆம்பியரை அந்தக் காயில் எத்தனை நேரம் தாங்கும்? இருபது நிமிஷம் தாங்கியதே பெரிது. காயிலுக்கு வரும் கரண்ட்டை வெட்டி வெட்டி விடும் பாயிண்ட்டைத் திறந்து பார், அதுவும் கருகிக் குழி விழுந்திருக்கும். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும் நேரத்தில் மட்டும் கரண்ட் கல்லைத் தொடாமல் வேறு ஒரு வயர் வழியாக நேரே காயிலுக்குப் போகும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி சோர்ந்துவிடுகிறது, அதனால் அந்த நாலு நொடிக்கு மட்டும் ஒரு சலுகை. எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும், மறுபடி கல் வழியாகத்தான். கல் இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் காயிலே மூன்று ஓம். கண்ணுக்கு இரண்டும் ஒரே டப்பா, ஒரே கழுத்து, ஒரே மூடி. மீட்டர் வைத்தால்தான் தெரியும். மீட்டர் வைத்தால் மட்டும் போதாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நான் ஒரகடத்தில் காயில் கம்பெனியில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீல ஓவர்கோட், தலையில் வலைத்தொப்பி. நீ அதைக் கொசுவலை என்பாய். எட்டு வருஷம் ஒரே பெஞ்ச், கடைசி டெஸ்டிங் பெஞ்ச். சுற்றி, எண்ணெய் நிரப்பி, மூடி அடித்த காயில் என் முன்னால் வரும். மீட்டரின் இரண்டு முள்ளை வைப்பேன். எதிரே சுவரில் லிமிட் ஷீட். இரண்டு புள்ளி ஒன்பதிலிருந்து மூன்று புள்ளி மூன்று வரை பாஸ். அதற்குக் கீழே வந்தால் உள்ளே சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை நூறு காயில் என் கை வழியாகப் போகும். கொஞ்ச நாளில் எண்ணைப் படிப்பதில்லை, கை தானாகப் போய்விடும். ஒன்றரை வந்தால் சிவப்பு. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. சூப்பர்வைசர் மற்ற பெண்களிடம், "அந்தக்கா பொட்டு வெச்சா வெச்சதுதான், மறுபடி போட்டுப் பாக்காதீங்க" என்பார். எங்கள் கம்பெனியில் ஒரே வகைக் காயில்தான் செய்தார்கள். கல் இல்லாத வண்டிக்கானது. வேறு வகை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எட்டு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த லைனை மூடியபோது அப்பாவின் கடைக்கு வந்தேன். கோவில்பட்டியிலிருந்து லாரி ஏறி வந்த ஆள், சேரப்பணஞ்சேரி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை போட்டு, உள்ளூரிலேயே பெண் எடுத்து, இருபது வருஷம் அவர் தனியாகச் செய்த வேலை. நான் வந்து மீட்டரைக் கையில் எடுத்ததும் வருகிறவர்களுக்கு என்னவோ போல் இருந்தது. "அக்கா, நீங்க இருங்க. அண்ணன் எங்க?" என்பார்கள். ஒருவர் நான் பேட்டரி டெர்மினலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "டீ ஒண்ணு சொல்லும்மா" என்றார். அப்பா அவரிடம், "டீக்கடை அந்தாண்ட இருக்கு அண்ணாச்சி. இது மெக்கானிக்" என்றார். அவர் பேச்சு அப்படித்தான், பாதி அவர் ஊர், பாதி நம் ஊர். நான் அன்றைக்கு முழுதும் தலையை நிமிர்த்தவில்லை. சந்தோஷத்தில்தான்.

மணி மாமாவின் ஜீப் வந்த மத்தியானம் அப்பா கடையில் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் ஹைவேஸ் ஓரம் ஒரு லாரி நின்றுவிட்டது என்று போயிருந்தார். மணி மாமா செங்கல் சூளைத் தூசியோடு இறங்கி, "இன்னா தங்கச்சி, மச்சான் இல்லியா? காலைல இருந்து மூணு வாட்டி தள்ளிகினு வந்துட்டேன். நாளான்னிக்கு உன் புள்ளைய இட்டுகினு கிண்டி போணும்ல. வண்டி இப்டி கீது" என்றார். உன் இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு அவர்தான் ஜீப்பில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் சென்னையில் வேலை இருந்தது. அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். நானே பார்க்கிறேன் என்றேன். பானட்டைத் தூக்கி, காயில் வயரைக் கழற்றி, முள்ளை வைத்தேன். ஒன்றரை. என் கை நிற்கவே இல்லை. சுவரில் லிமிட் ஷீட் இல்லை, ஆனால் இருந்தது. காயிலைக் கழற்றினேன். சிவப்பு பெயிண்ட் கடையில் இல்லை. பையில் நெயில் பாலிஷ் இருந்தது. அதில் ஒரு பொட்டு வைத்து ஸ்கிராப் டின்னில் போட்டேன். அலமாரியிலிருந்து புதுக் காயில் எடுத்தேன். அளந்தேன். மூன்று புள்ளி ஒன்று. பாஸ். பக்கத்தில் அந்த வெள்ளைக் கல் இருந்தது. அதன் நட்டு லூசாக ஆடியது. இறுக்கினேன். அது எதற்கு என்று யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால், ஜீப்பின் கோளாறே அந்த நட்டுதான். அதை இறுக்கியது மட்டும் அன்றைக்கு நான் செய்த சரியான வேலை.

சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் பிடித்தது. மணி மாமா, "பார்றா. இனிமே மச்சான் டீ வாங்கப் போலாம்" என்றார். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது கரண்ட் கல்லைத் தாண்டிப் போகிறது என்று சொன்னேன் இல்லையா. அதனால்தான் பிடித்தது. நான் பார்த்தது ஸ்டார்ட் ஆனதைத்தான். ஓடுவதைப் பார்க்கவில்லை. மூன்று ஓம் காயில், ஒன்றரை ஓம் கல், இரண்டும் சேர்ந்து நாலரை. கரண்ட் போதாது. காலியான ரோட்டில் ஓடும். வெயிலில், நெரிசலில், ஐட்லிங்கில், ஹாரனும் பிரேக் லைட்டும் சேர்ந்து இழுக்கும்போது தீப்பொறி செத்துவிடும். சாயங்காலம் அப்பா வந்து, "ஜீப்புல என்னட்டி கோளாறு?" என்றார். "ஸ்டார்ட்டிங் டிரபிள். பாத்துட்டேன்" என்றேன். அவர் கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் களைப்பு. "பரவால்லியே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

முடிச்சூரில் ஜீப் நின்றதை நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் மணி மாமாவும் இறங்கித் தள்ளியது, "இதோ ஆயிடும், இதோ ஆயிடும்" என்று அவர் ஒரு மணி நேரம் சாவியைத் திருப்பிப் பேட்டரியைக் காலி செய்தது, நீ சர்டிஃபிகேட் ஃபைலை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தொங்கியது, எல்லாம் தெரியும். கிண்டிக்குப் போனபோது உன் முறை தாண்டியிருந்தது. மதியம் கூப்பிட்டார்கள். அதற்குள் நீ நினைத்த கல்லூரியில் நீ நினைத்த பிரிவு முடிந்திருந்தது. திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியை எடுத்தாய். அங்கே நன்றாகத்தான் படித்தாய், நல்ல வேலையில்தான் இருக்கிறாய் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்லி என் தப்பைக் குறைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தக் கல்லூரி உன் கையில் இருந்தது. ஒரு காயில் அதைத் தட்டிவிட்டது.

அன்று நாலு மணிக்கு நீ பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஜீப் கடை வாசலில் நின்றது. அப்பா பைக்கில் முடிச்சூர் போய், வேறு காயில் மாட்டி ஓட்டி வந்திருந்தார். பானட் திறந்திருந்தது. மாட்டியிருந்த காயில் தப்பு என்று அவர் மாமாவிடம் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும். நான் வீட்டிலிருந்து டீ கொண்டு வந்தேன். நீ கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே பேசினாய். "ஒரு காயில் கூடப் பாத்து மாட்டத் தெரியாதா உங்களுக்கு? இதுக்கு ஒரு போர்டு வேற." அன்றுவரை நீ அப்பாவை நீ என்றுதான் கூப்பிடுவாய். அன்றைக்கு நீங்க ஆனது. இன்றுவரை மாறவில்லை. பக்கத்து டயர் கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தாயா? அவர் பானட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆமாலே. நாந்தான். பாக்காம மாட்டிட்டேன்." உடனே மணி மாமா என் பக்கம் திரும்பினார். ஜீப்பை நான் பார்த்தது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கும் முன் அப்பா, "மாமா, இந்த வயரக் கொஞ்சம் புடிங்க" என்றார். மாமா வயரைப் பிடித்தார். அதன் பிறகு சாகும்வரை அவரும் சொல்லவில்லை. நான் டீ டம்ளரோடு நின்றேன். டீ ஆறிப்போகும்வரை நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று பத்து வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். முதல் நாள் அதிர்ச்சி என்று வைத்துக்கொள். இரண்டாம் நாள்? மூன்றாம் வருஷம்? உண்மை இதுதான். நான் என்று தெரிந்தால், "அக்கா, நீங்க இருங்க" என்பவர்கள் சொன்னது சரியாகிவிடும். மீட்டர் என் கையிலிருந்து போய்விடும். எட்டு வருஷம் பொட்டு வைத்த கை, முதல் முறையாகத் தனியாகப் பார்த்த வண்டி, அதில் சொந்தப் பிள்ளையின் சீட்டு போயிற்று என்றால் அந்த ரோட்டில் யார் என்னிடம் வண்டியை விடுவார்கள்? எனக்கு அந்த மீட்டர் வேண்டியிருந்தது. உன் அப்பாவின் பெயரைவிட அதிகமாக. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று இருந்தது. அடிக்கவில்லை. இன்றைக்குக் கம்பெனி பஸ் டிரைவர்கள் எல்லாம், "அண்ணன் வேணாம்ணா, அக்கா பாக்கட்டும்" என்கிறார்கள். உனக்கே பெருமை. ஆயுத பூஜைப் படத்தில் நான் மீட்டரோடு நிற்பதை நீதான் எல்லோருக்கும் அனுப்பினாய். அந்தப் படத்தில் ஓரமாக, தோள் மட்டும் தெரிய நிற்கிறாரே, அவர் வாங்கிக் கொடுத்த இடம் அது. பெட்ரோல் வண்டி வந்தால் அந்த நாளிலிருந்து அவர் தொடுவதில்லை. "பெட்ரோலா? படப்பைல பாருங்க அண்ணாச்சி" என்பார். தெரியாமல் இல்லை. தப்பு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் அதை அவர் கடைசிவரை ஒழுங்காகச் செய்கிறார். பொய்யைக்கூட.

அவருக்குத் தெரியுமா என்று ஒரு இரண்டு வருஷம் எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் புதுக் காயில் மாட்டியது தெரிந்திருக்கும். பழையதை ரிஜெக்ட் என்று தூக்கி எறிந்தது தெரியுமா, நல்ல காயிலை நான் கெட்டது என்றேன் என்பது தெரியுமா. ஒரு நாள் வேலை மேசையின் டிராயர் சிக்கிக்கொண்டது. முழுதாக இழுத்து எடுத்தேன். பின்பக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பொட்டலம். சிவகாசிக் காலண்டர் தாள். உள்ளே அந்தக் காயில். தலையில் என் நெயில் பாலிஷ். பழைய டப்பாவைத் துணியால் நன்றாகத் துடைத்து, டெர்மினலுக்கு வாசலின் போட்டு வைத்திருந்தார். பொட்டை மட்டும் தொடவில்லை. அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்து, டிராயரைத் தள்ளிவிட்டேன். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக வேலை செய்கிறோம். நடுவில் அந்தப் பொட்டலம். ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல தம்பதி என்று உன் அத்தை சொல்லுவாள். சத்தமே வராதாம்.

உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். கல்லையும் காயிலையும் வைத்து உனக்கு ஒரு புத்திமதி எழுதினேன். முதல் ஆறு மாதம் பேட்டரி நேராக, பிறகு கல் வழியாக என்று ஒரு பக்கத்துக்குப் போனது. நன்றாக இல்லை. கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் வைத்துக்கொள். போன வாரம் நிவேதாவைப் பற்றிச் சொன்னாய். "எது கேட்டாலும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் மா பதில் சொல்றா. மனசுல என்னமோ வெச்சிருக்கா." தேனியிலிருந்து வந்து, ஹாஸ்டலில் ஆறு பேர் அறையில் இருந்துகொண்டு, கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் லைனைப் பார்த்துக்கொள்கிற பெண். கேட்ட உடனே பதில் சொல்கிறவள் நான். உன் அத்தையும் அப்படி. நீ பார்த்தது எங்களைத்தான். உன் மனதில் ஒரு லிமிட் ஷீட் மாட்டியிருக்கிறது, அதை மாட்டியது நான். அதில் அவள் கீழே வருகிறாள். கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. வேறு வண்டிக்கானதாக இருக்கலாம். பொட்டு வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார். நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. உனக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டால், அதை அன்பு என்று ஏற்றுக்கொண்டு உட்காராதே. அன்புதான். ஆனாலும் உட்காராதே.

இதுவரை எழுதிவிட்டுக் காலையில் கடைக்கு வந்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் டிராயரை முழுதாக இழுத்தேன். அவர் கை நின்றது. பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தேன்.

"எப்பருந்து தெரியும்?" என்றார்.

"எட்டு வருஷமா."

"எனக்குப் பத்து" என்றார்.

சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. நீ போன் செய்ததைச் சொன்னேன். காயில் சூடு, கல்லைக் கழற்றியது, எல்லாம். "கல்லக் கழட்டுனானா? இஞ்சினியரு" என்றார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஹாரனைக் கீழே வைக்காமல் கேட்டார். நீ வாசலில் நின்று பேசிய இடம் வந்தபோது ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை. முடிந்ததும் காயிலைக் கையில் எடுத்து, ஒரு துணியில் தின்னரை நனைத்து, பொட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"வுடுங்க."

"இது எதுக்குட்டி இப்பம். கல்யாண நேரத்துல. காயில மட்டும் குடுத்து வுடு, அவன் மாட்டிக்கிடுவான்."

"வுடுங்கன்றேன்."

"ஊருக்கே படிச்சுக் காட்டச் சொல்லுதே. நாளைக்கு எவனாச்சும் ஒன்னைய..."

"சொல்லட்டும். அக்கா இருங்கன்னு சொன்னா இருக்கறேன். நீங்க போயி பெட்ரோல் வண்டி பாருங்க."

பிடுங்கிக்கொண்டேன். பாதி அழிந்திருந்தது. அவர் துணியை மடித்து வைத்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போகவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒன்னரைன்னு எழுதிருக்க. அது ஒன்னு புள்ளி நாலு. மீட்டர் வயரே புள்ளி ஒன்னு காட்டும். ரெண்டு முள்ளையும் ஒண்ணா ஒட்டிப் பாத்து அதக் கழிக்கணும். அன்னிக்கும் நீ கழிக்கல." கடிதத்தைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். முள்ளை ஒட்டிப் பார்த்தேன். புள்ளி ஒன்று. காயிலில் வைத்தேன். கழித்தேன். ஒன்று புள்ளி நாலு. பத்து வருஷம் டிராயருக்குப் பின்னால் இருந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே நான் எழுதிய ஒன்றரையை எல்லாம் திருத்தவில்லை. அவை அன்றைக்கு நான் பார்த்த எண்கள்.

இந்தக் காயிலை உனக்கு அனுப்புகிறேன். ஜீப்பின் சொந்தக் காயில் இது, அதோடுதான் அந்த வண்டி வந்தது. நீ கழற்றிய கல்லை எங்கே போட்டாய் என்று கேட்டால் தேடுகிறேன் என்பாய். தேட வேண்டாம். சரியான அளவில் ஒரு கல் அப்பாவிடம் இருக்கிறது. அலமாரியின் மேல் தட்டில், பொட்டலம் கட்டி, அவர் கையெழுத்தில் ஜீப் என்று எழுதியிருக்கிறது. எதற்காக வாங்கி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அதை நான் அனுப்பப்போவதில்லை. அது இல்லாமல் இந்தக் காயிலை மாட்டி ஓட்டினால் இதையும் எரித்துவிடுவாய். மறைமலை நகரிலிருந்து இங்கே எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கட்டி இழுத்தாவது கொண்டு வா. வாசலில் நிற்காதே. உள்ளே வந்து சாவியை அவர் கையில் கொடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர் எழுந்து வெளியே போய்விடுவார். சாவியைக் கொடுத்துவிட்டு, வயரைப் பிடி என்றால் பிடி. அவர் பெட்ரோல் எஞ்சினைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது. கொஞ்சம் நேரம் ஆகலாம். அவசரப்படுத்தாதே.

காயிலைக் காலண்டர் தாளில் மறுபடி சுற்றினேன். பாதிப் பொட்டு அப்படியே இருக்கிறது. கம்பெனி பஸ் ஓட்டும் ஏழுமலை அண்ணன் ஒன்பது மணிக்கு மறைமலை நகருக்கு டிரிப் எடுக்கிறார். பொட்டலத்தையும் இந்தத் தாள்களையும் ஒரு ரப்பர் பேண்டில் போட்டு, பஸ் வாசலுக்குக் கொண்டு வந்து, இந்தக் கடைசி வரியை அவர் சீட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவர் கையில் கொடுக்கிறேன்.